கோல்டு கார்டு இருந்தும் பெட்டிக்குக் காசா?

பட்ஜெட் விமானங்களில் பாயிண்ட் (பறப்பதற்குக் கணக்கில் ஏறும் பரிசுப் புள்ளி, சில திட்டங்களில் மைல் என்பார்கள்), ஸ்டேட்டஸ் (அடிக்கடி பறப்பவருக்குக் கிடைக்கும் கோல்டு போன்ற நிலை) விவகாரம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதி கேள்வி, மீதி பாதி கோபம். கோபத்திலும் நியாயம் இருந்ததால் அதையும் சேர்த்தே பதில் சொல்லிவிடலாம்.

“பெரிய ஏர்லைன் ஒன்றில் நான் கோல்டு உறுப்பினர். அதே குழுமம் நடத்தும் பட்ஜெட் விமானத்தில் போனபோது கவுண்டரில் கார்டைக் காட்டினேன். ‘இது இங்கே செல்லாது சார்’ என்று சொல்லி, பெட்டிக்கும் தனியாகக் காசு வாங்கினார்கள். முதலாளி ஒருவர்தானே, அப்புறம் ஏன் இப்படி?”

முதலாளி ஒருவர்தான். ஆனால் உங்கள் கார்டுக்கும் முதலாளிக்கும் சம்பந்தமில்லை. கம்பெனி யாருடையது என்பது ஒன்று, விமான நிறுவனங்கள் சேர்ந்து அமைத்திருக்கும் கூட்டணிகளில் அது எதில் இருக்கிறது என்பது இன்னொன்று, எந்தப் பாயிண்ட் திட்டத்தை ஏற்கிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் கவுண்டரில் முக்கால்வாசி சண்டைகள் நடக்கின்றன.

ஸ்கூட் நிறுவனம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குச் சொந்தம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கிறது, ஸ்கூட் இல்லை. குவான்டாஸ் ஒன்வேர்ல்டு கூட்டணியில் இருக்கிறது, அதன் ஜெட்ஸ்டார் இல்லை. லுஃப்தான்சாவின் யூரோவிங்ஸும் அப்படியே, கத்தே பசிபிக் 2019-ல் வாங்கிய ஹெச்.கே. எக்ஸ்பிரஸும் அப்படியே, பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனத்துக்குச் சொந்தமான ஸ்பெயினின் வூயெலிங்கும் அப்படியே. ஸ்டார் அலையன்ஸின் கோல்டு கார்டு வைத்திருந்தால் எடைக் கணக்கு உள்ள வழித்தடங்களில் 20 கிலோ கூடுதல், லவுஞ்ச், தனி வரிசை எல்லாம் உண்டு என்று எழுதியிருக்கும். அது அத்தனையும், விமானத்தை இயக்குவது கூட்டணியின் உறுப்பினர் நிறுவனமாக இருந்தால் மட்டும். ஒரு வீட்டு மாப்பிள்ளை பக்கத்து வீட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்து மரியாதை எதிர்பார்க்க முடியாதில்லையா, அந்த மாதிரி.

ஏன் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்றால், காரணம் காசுதான். கூட்டணிக்குள் ஒரு நிறுவனத்தின் கோல்டு பயணி இன்னொரு நிறுவனத்தின் லவுஞ்சில் உட்கார்ந்தால், அதற்கான செலவை அவர்களுக்குள் கணக்குப் பார்த்துக் கொடுத்துக்கொள்வார்கள். பட்ஜெட் நிறுவனம் பிழைப்பதே பெட்டிக்கும் சீட்டுக்கும் முன்வரிசைக்கும் தனித்தனியாகக் கட்டணம் வாங்கித்தான். விஸ் ஏர் போன்ற நிறுவனத்துக்கு மொத்த வருமானத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் டிக்கெட் அல்லாத இந்த வகையில் வருகிறது. அதை வேறொரு ஏர்லைனின் கோல்டு பயணிக்கு இலவசமாகக் கொடு என்றால் எப்படிக் கொடுப்பார்கள்?

ஆனால் ‘பட்ஜெட் விமானத்தில் ஸ்டேட்டஸே செல்லாது’ என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். கூட்டணி கார்டு செல்லாத இடத்தில் அந்தக் குழுமத்தின் சொந்த உறுப்பினர் திட்டம் செல்லுபடியாகலாம். ஃப்ளைதுபாய் 2018-லிருந்து எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் திட்டத்தில் இருக்கிறது, அதில் ஸ்கைவார்ட்ஸ் மைலும் கிடைக்கும், மேல் நிலைக்குப் போவதற்கான டியர் மைலும் கிடைக்கும். யூரோவிங்ஸில் லுஃப்தான்சாவின் மைல்ஸ் அண்ட் மோர் திட்டத்தில் ‘செனட்டர்’ என்ற மேல் நிலையில் இருப்பவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு. வேறொரு ஸ்டார் அலையன்ஸ் ஏர்லைனில் வாங்கிய கோல்டைக் காட்டினால் அங்கே ஒன்றும் நடக்காது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘இவர்களும் அவர்களும் ஒன்றா?’ என்பது இல்லை. ‘என் திட்டத்தின் பெயர் இந்த விமான நிறுவனத்தின் சலுகைப் பக்கத்தில் இருக்கிறதா, இருந்தால் எந்த நிலைக்கு என்ன தருகிறார்கள்?’ என்பதுதான். டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டும். கவுண்டரில் நிற்பவருக்கு இதை மாற்றும் அதிகாரம் கிடையாது, அவரிடம் சத்தம் போட்டுப் பயனில்லை.

“டிக்கெட்டில் பெரிய ஏர்லைனின் விமான எண்தான் இருக்கிறது. ஏறிப் பார்த்தால் அது அதன் பட்ஜெட் தங்கையின் விமானம்! இதற்குப் பாயிண்ட் உண்டா?”

இதைக் கோட்ஷேர் என்பார்கள். விமானத்தை ஓட்டுவது ஒருவர், தன் எண்ணைப் போட்டு விற்பது இன்னொருவர்.

பாயிண்ட் பெரும்பாலும் விற்றவர் எண்ணைப் பார்த்துத்தான் ஏறும். குவான்டாஸ் எண்ணில் வாங்கி ஜெட்ஸ்டார் விமானத்தில் பறந்தால் குவான்டாஸ் கணக்குப்படி பாயிண்ட் கிடைக்கும், ஜெட்ஸ்டார் எண்ணிலேயே வாங்கினால் ஜெட்ஸ்டாருக்கான விதி. ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்துச் சீட்டு, ஒருவருக்குப் பாயிண்ட் உண்டு, இன்னொருவருக்கு இல்லை என்று ஆகிவிடும்.

சலுகைகள் நேர்மாறு. கூட்டணி தரும் லவுஞ்ச், கூடுதல் எடை, முன்னுரிமை எல்லாம் ஓட்டுபவரைப் பார்த்துத்தான். அதனால் ‘ஆப்பரேட்டட் பை’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்குமே, அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். அந்த வரியைக் கொட்டை எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஒரு யோசனை: கோட்ஷேர் எண்ணில் வாங்கும் டிக்கெட்டில் பெட்டி சேர்ந்தே வரும் வாய்ப்பு அதிகம், விலையும் சற்று கூடுதலாக இருக்கும். பட்ஜெட் எண்ணில் அடிப்படை டிக்கெட், அதோடு பெட்டி, சீட்டு எல்லாம் கூட்டிப் போட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல சமயம் வித்தியாசம் சொற்பம்தான், பாயிண்ட் போனஸாக வந்த மாதிரி.

“உறுப்பினர் எண் கொடுத்துத்தான் வாங்கினேன். பயணம் முடிந்து வாரக்கணக்கில் ஆகியும் ஒரு பாயிண்ட்கூட ஏறவில்லை. ஏமாற்றுகிறார்களா?”

ஏமாற்று இல்லை, ஏதோ ஒரு விதி. எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம் கட்டண வகை. பட்ஜெட் நிறுவனங்கள் ஒரே சீட்டை மூன்று நான்கு பெயரில் விற்கின்றன. மிகக் குறைந்த விலைக்குப் பாயிண்ட் தருவதில்லை, அல்லது பேருக்குத் தருகிறார்கள். ஜெட்ஸ்டாரில் ஸ்டார்ட்டர் கட்டணத்தை வெறுமனே வாங்கினால் குவான்டாஸ் பாயிண்ட் கிடையாது, தகுதியுள்ள கூடுதல் பண்டில் (பெட்டி, சீட்டு போன்றவை அடங்கிய தொகுப்பு) சேர்த்தால்தான் உண்டு. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட்டில் மலிவான கட்டணத்துக்கு ஒரு டாலருக்கு 6 பாயிண்ட் தந்துகொண்டிருந்தார்கள், 2025 மார்ச்சிலிருந்து அதை 2 ஆக்கிவிட்டார்கள். இங்கே பாயிண்ட்டுக்காக மட்டும் மேல் பண்டிலுக்குத் தாவுவது அநேகமாக நஷ்டம். பண்டிலில் வரும் பெட்டியும் சீட்டும் எப்படியும் வாங்கப் போகிறவை என்றால் மட்டும் தாவுங்கள்.

இரண்டாவது, எங்கே வாங்கினீர்கள் என்பது. டிக்கெட் விற்கும் வெளி இணையதளங்களில் வாங்கினால் உறுப்பினர் எண் விமான நிறுவனத்துக்குப் போய்ச் சேராமலே போகலாம். தங்கள் சொந்த ஆப்பில், உறுப்பினர் கணக்குக்குள் நுழைந்து வாங்கினால்தான் பாயிண்ட் என்று வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு.

மூன்றாவது, பெயர். கணக்கில் ஒரு மாதிரியும் டிக்கெட்டில் இன்னொரு மாதிரியும் இருந்தால் கணினி இரண்டும் வேறு ஆள் என்று நினைத்துக்கொள்ளும். ஓரிடத்தில் முதலெழுத்து, இன்னோரிடத்தில் விரித்து எழுதிய பெயர், அல்லது முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறியிருப்பது, இவைதான் வழக்கமான வில்லங்கங்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே கணக்கிலும் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் ‘விடுபட்ட பாயிண்ட்’ கோரிக்கை என்று ஒரு படிவம் இருக்கும். டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் கேட்பார்கள், அதற்குக் கெடுவும் உண்டு. அதனால் போர்டிங் பாஸைப் பாயிண்ட் ஏறும்வரை தூக்கிப் போடாதீர்கள். மொபைலில் வந்த பாஸ் பயணம் முடிந்ததும் ஆப்பிலிருந்து காணாமல் போய்விடக்கூடும், முதலிலேயே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.

“முன்பெல்லாம் பறந்த தூரத்துக்கு மைல் கொடுத்தார்கள். இப்போது இத்தனை மணி நேரம் பறந்தும் சில்லறை மாதிரி ஏதோ ஏறுகிறது. ஏன் மாற்றினார்கள்?”

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் அட்வான்டேஜ் திட்டத்தை ஆரம்பித்தபோது மைலுக்கு மைல் கொடுப்பதில் அர்த்தம் இருந்தது. தூரம் கூடினால் டிக்கெட் விலையும் கூடும், தூரத்தை அளந்தாலே பயணியின் செலவை அளந்த மாதிரி. மலிவு விலைப் போட்டி வந்ததும் இந்தக் கணக்கு கவிழ்ந்தது. நீண்ட தூரத்துக்கு அடிமாட்டு விலையில் டிக்கெட் கிடைத்தது, அதற்கும் முழு மைல் கொடுக்க வேண்டியிருந்தது. மைலுக்காகவே சும்மா பறந்துவிட்டு வருகிற ஒரு கூட்டமே உருவானது.

பிறகு செலவழித்த பணத்துக்குத்தான் பாயிண்ட் என்று மாற்றினார்கள். சவுத்வெஸ்ட் 2011-ல் மாறியது, டெல்டாவும் யுனைடெட்டும் 2015-ல், அமெரிக்கன் 2016-ல். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலிலிருந்து ஸ்டேட்டஸையே செலவுக் கணக்கில் தருகிறது. பட்ஜெட் நிறுவனங்களுக்கு இது ரொம்ப வசதி. டிக்கெட் விலை குறைச்சல், பாயிண்ட்டும் குறைச்சல், தகராறே இல்லை. வரி, விமான நிலையக் கட்டணம் போன்றவற்றுக்குப் பாயிண்ட் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலிவு டிக்கெட்டில் பாதிக்கு மேல் வரியாகவே இருந்தால் பாயிண்ட் மீதிக்கு மட்டும்தான்.

“கையில் கொஞ்சம் பாயிண்ட் சேர்ந்திருக்கிறது. பட்ஜெட் விமான டிக்கெட்டுக்குப் பயன்படுத்தலாமா, பெரிய விமானத்துக்கு என்று காத்திருக்கலாமா?”

கணக்குப் போடாமல் சொல்ல முடியாது. கணக்கு சுலபம்: காசு கொடுத்து வாங்கினால் ஆகும் விலையிலிருந்து, பாயிண்ட் டிக்கெட்டுக்கும் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியைக் கழியுங்கள். மிச்சத்தைப் பாயிண்ட்டால் வகுங்கள். ஒரு பாயிண்ட்டின் மதிப்பு வந்துவிடும்.

டிக்கெட் 100 என்று வைத்துக்கொள்வோம், அதில் வரி 40. பாயிண்ட் டிக்கெட்டுக்கு 6,000 பாயிண்ட்டும் வரி 40-உம் கேட்கிறார்கள். 6,000 பாயிண்ட் கொடுத்து 60 மிச்சம், அதாவது 100 பாயிண்ட்டுக்கு 1. இனி, அதே வழித்தடத்தில் ஆஃபர் வந்து டிக்கெட் 55-க்கு இறங்குகிறது, வரி அதே 40. இப்போதும் 6,000 பாயிண்ட் கேட்டால் மிச்சம் வெறும் 15. அதே 6,000-க்கு, கூட்டம் அதிகமான விடுமுறைக் காலத்தில் டிக்கெட் 240-க்கு ஏறியிருந்தால் மிச்சம் 200. பாயிண்ட் அதேதான், மதிப்பு எங்கேயோ போய்விட்டது பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 6,000 நிலையானதா, விலையோடு சேர்ந்து ஆடுவதா என்பது. நிலையான அட்டவணை வைத்திருக்கும் திட்டங்களில் விலை எகிறும் நாளில் பாயிண்ட்டைப் போடுவது லாபம், ஆஃபர் நாளில் காசைப் போடுவது லாபம். ஜெட்ஸ்டாரின் சில சீட்டுகளைக் குவான்டாஸ் பாயிண்ட்டில் ‘கிளாசிக் ரிவார்டு’ என்ற வகையில் நிலையான பாயிண்ட்டுக்கு எடுக்கலாம். கிடைப்பது கொஞ்சம் சீட்டுதான், ஆனால் விலை எகிறிய நாளில் மாட்டினால் நல்ல பேரம். விலையை ஒட்டியே பாயிண்ட் ஏறி இறங்கும் திட்டங்களிலும், பாயிண்ட்டை வவுச்சராக மாற்றித் தரும் திட்டங்களிலும் அந்த மாதிரி ஜாக்பாட் கிடையாது. என்றைக்குப் போட்டாலும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. இது குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது நிம்மதியாகவே படுகிறது, எப்போது செலவழிப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், சேர்ந்ததும் செலவழித்துவிடலாம்.

இன்னும் இரண்டு விஷயம். பட்ஜெட் விமானத்தில் பாயிண்ட் டிக்கெட் என்றால் பெரும்பாலும் அடிப்படை டிக்கெட்தான், பெட்டி வேண்டுமென்றால் தனியாகக் காசு. பெரிய விமானத்தின் பாயிண்ட் டிக்கெட்டில் வழக்கமாகப் பெட்டி சேர்ந்திருக்கும். ஒப்பிடும்போது பெட்டியையும் சேர்த்து ஒப்பிடுங்கள். அடுத்தது, காசு டிக்கெட்டில் பறந்தால் புதுப் பாயிண்ட் சேரும், ஸ்டேட்டஸ் கணக்கும் ஏறும். பாயிண்ட் டிக்கெட்டில் பல திட்டங்களில் அது இல்லை.

உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சொன்னால்: சின்னத் தூரத்து மலிவு டிக்கெட்டைக் காசில் வாங்குங்கள். பாயிண்ட்டை விலை உச்சத்தில் இருக்கும் நாளுக்கோ பெரிய விமானத்தின் உயர் வகுப்புக்கோ வைத்திருங்கள். பாயிண்ட் காலாவதியாகப் போகிறது என்றால் மட்டும் இந்த அறிவுரையைக் கண்டுகொள்ளாமல், கிடைத்த டிக்கெட்டில் தீர்த்துவிடுங்கள்.

“காலாவதி எப்போது என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

கணக்கைத் திறந்தால் தேதி இருக்கும். திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல் 3 ஆண்டில் போய்விடும், நீங்கள் நடுவில் எவ்வளவு பறந்தாலும் சரி. குவான்டாஸில் 18 மாதம் எந்த நடமாட்டமும் இல்லை என்றால்தான் போகும், பிரிட்டிஷ் ஏர்வேஸின் பாயிண்ட்டான ஏவியோஸில் அதுவே 36 மாதம். டெல்டா, சவுத்வெஸ்ட் பாயிண்ட்டுக்குக் காலாவதியே கிடையாது. ‘நடமாட்டம் இல்லை’ வகைத் திட்டமாக இருந்தால் கூட்டாளி நிறுவனம் மூலம் கொஞ்சம் பாயிண்ட் ஏற்றினாலே கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும்.

“ஆண்டுக் கட்டணம் கட்டினால் சீட்டும் பெட்டியும் தள்ளுபடி என்று உறுப்பினர் திட்டம் விற்கிறார்களே, அது ஸ்டேட்டஸ் மாதிரியா?”

ஸ்டேட்டஸைக் காசு கொடுத்து வாங்குவது என்று சொல்லலாம், இதில் ஒளிவுமறைவு குறைவு என்பதால் எனக்குப் பிடித்த ஏற்பாடும்கூட. ஈஸிஜெட்டில் ஈஸிஜெட் பிளஸ் உண்டு, விஸ் ஏரில் டிஸ்கவுண்ட் கிளப் உண்டு. வருடத்துக்கு எத்தனை முறை பறப்பீர்கள், ஒவ்வொரு முறையும் சீட்டிலும் பெட்டியிலும் தள்ளுபடியால் எவ்வளவு மிச்சமாகும் என்று பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக் கட்டணத்தைவிட அதிகம் வந்தால் வாங்குங்கள்.

வேடிக்கை என்னவென்றால் இந்தக் கணக்கில் நிறுவனமே தோற்றுப்போவதும் உண்டு. ரயன்ஏர் 2025 மார்ச்சில் பிரைம் என்று 79 யூரோவுக்கு ஒரு ஆண்டுத் திட்டம் கொண்டுவந்தது. சுமார் 55,000 பேர் சேர்ந்தார்கள், கட்டணமாக 44 லட்சம் யூரோ வந்தது, ஆனால் உறுப்பினர்கள் எடுத்துக்கொண்ட சலுகை 60 லட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது. நவம்பரிலேயே கடையைக் கட்டினார்கள். சேர்ந்தவர்கள் கணக்குப் போட்டுத்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது! உங்களுக்கான பாடம், இம்மாதிரித் திட்டம் உங்களுக்கு ரொம்ப லாபமாக இருந்தால் அது நீடிக்கும் என்று நம்பி அடுத்த வருடத்துக்குத் திட்டம் போடாதீர்கள்.

“பாயிண்ட்டைத் தள்ளுபடியில் விற்கிறார்கள், வாங்கி வைக்கலாமா?”

இந்தப் பயணத்துக்கு இத்தனை பாயிண்ட் குறைகிறது, சீட்டும் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் வாங்கலாம். சும்மா வாங்கி வைக்க வேண்டாம். கிரெடிட் கார்டு பாயிண்ட்டை விமானக் கணக்குக்கு மாற்றுவதற்கும் இதே பதில்தான், போனால் பெரும்பாலும் திரும்பி வராது.

“வீட்டில் நான்கு பேர், ஆளுக்குக் கொஞ்சம் பாயிண்ட் இருக்கிறது. ஒருவருக்கும் டிக்கெட் வாங்கப் போதாது. சேர்க்க முடியுமா?”

குடும்பக் கணக்கு உள்ள திட்டமாக இருந்தால் முடியும். ஜெட்புளூ, ஃப்ரான்டியர், எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. பாயிண்ட் சேரும், ஸ்டேட்டஸ் சேராது. கோல்டு உங்களுக்கு மட்டும்தான், ஒரே முன்பதிவில் உடன் வருபவருக்குச் சில இடங்களில் கொஞ்சம் கசியும்.

“பாயிண்ட்டில் எடுத்த பட்ஜெட் டிக்கெட். கடைசி நேரத்தில் விமானத்தை ரத்து செய்துவிட்டு, ‘இது இலவச டிக்கெட், இழப்பீடு கிடையாது’ என்கிறார்கள். சரியா?”

ஐரோப்பிய ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானம் என்றால் தவறு. அங்கே 261/2004 என்ற விதி இருக்கிறது. பொதுமக்களுக்குக் கிடைக்காத இலவச அல்லது சலுகை டிக்கெட்டில் போகிறவர்களுக்கு, உதாரணமாக ஊழியர்களுக்கு, அது பொருந்தாது. ஆனால் உறுப்பினர் திட்டத்தின் மூலம் எடுத்த டிக்கெட்டுக்குப் பொருந்தும் என்று அதன் மூன்றாவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. இழப்பீடு தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ. டிக்கெட் விலை எவ்வளவு என்பது கணக்கே இல்லை, பட்ஜெட் நிறுவனம் என்பதற்காகக் குறைப்பும் இல்லை. ரத்துக்குக் காரணம் மோசமான வானிலை போன்ற, அவர்கள் கையில் இல்லாத அசாதாரண நிலைமை என்றால் இழப்பீடு வராது. இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டாலும் வராது. கடைசி நேரம் என்கிறீர்கள், ஆகவே காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள். பிரிவு எண் போட்டு வந்த கடிதத்துக்கு ஒப்புக்குச் சப்பாணிப் பதில் எழுதுவது கொஞ்சம் கஷ்டம்.

வேறு இடங்களில் அந்தந்த நாட்டு விதி. எங்கேயானாலும் இழப்பீடு வேறு, பாயிண்ட்டும் கட்டிய வரியும் திரும்பி வருவது வேறு. நிறுவனமே ரத்து செய்திருக்கும்போது இரண்டாவதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

“பெரிய விமானத்தில் வந்து, அங்கிருந்து பட்ஜெட் விமானம் பிடிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட். முதல் விமானத்தில் எனக்கு கோல்டு இருக்கிறது. தாமதமானால் பார்த்துக்கொள்வார்கள்தானே?”

மாட்டார்கள். தனித்தனி பி.என்.ஆர். என்றால் உங்கள் கோல்டு முதல் விமானம் தரையிறங்கியதோடு முடிந்தது. பட்ஜெட் நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்காகக் குடியேற்றச் சோதனையைத் தாண்ட வேண்டிய இடம் என்றால் விசாவும் தேவைப்படலாம், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எமிரேட்ஸும் ஃப்ளைதுபாயும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் போல இரண்டையும் ஒரே டிக்கெட்டில் விற்கும் ஜோடிகள் இருக்கின்றன. அப்படி வாங்கினால் இணைப்பு தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. கொஞ்சம் கூடுதல் விலையானாலும் கொடுக்கலாம், கோல்டு கார்டு தராத பாதுகாப்பை அந்த ஒற்றை டிக்கெட் தருகிறது.

“விமான நிறுவனமே மூடிவிட்டால் பாயிண்ட் என்ன ஆகும்?”

பெரும்பாலும் பூஜ்யம். 2012-ல் கிங்ஃபிஷர் நின்றபோது கிங் கிளப் பாயிண்ட்டுகள் அப்படித்தான் போயின. திட்டத்தைத் தனி நிறுவனமாக வைத்திருந்தால் பிழைக்க ஒரு வாய்ப்பு உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, ஆனால் அதன் மைல் திட்டம் எத்திஹாத் பெரும்பங்கு வைத்திருந்த தனி நிறுவனம் என்பதால் உயிரோடு இருந்து, இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இதை நம்பித் தெம்பாக இருக்கவும் முடியாது, ஏனென்றால் ஏர் பெர்லினின் டாப்போனஸும் எத்திஹாத் பெரும்பங்கு வைத்திருந்த தனி நிறுவனம்தான். 2017 ஆகஸ்டில் ஏர் பெர்லின் திவால் மனு போட்டதும் சில நாளிலேயே அதுவும் திவால் மனு போட்டது. பட்ஜெட் நிறுவனங்கள் மெல்லிய லாபத்தில் ஓடுபவை. அவர்களிடம் பாயிண்ட்டைச் சேமிப்புக் கணக்கு மாதிரி வளர்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

“இன்னும் ஒரு பயணம் போனால் எனக்கு ஒரு பட்ஜெட் ஏர்லைனில் மேல் நிலை கிடைத்துவிடும். தேவையில்லாவிட்டாலும் ஒரு டிக்கெட் போட்டுவிடவா?”

மேல் நிலை என்ன தரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெட்டி, சீட்டு, முன்னால் ஏறுவது, மாற்றுக் கட்டணம் இல்லாமை, இப்படி. ஒவ்வொன்றுக்கும் அந்த நிறுவனமே விலை போட்டிருக்கும், பட்ஜெட் ஏர்லைனில் இது ஒரு பெரிய சௌகரியம். அடுத்த ஒரு வருடத்தில் அவற்றில் எதையெல்லாம் நீங்கள் உண்மையாகவே காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களோ அதை மட்டும் கூட்டுங்கள். எப்போதும் கைப்பையோடு போகிறவருக்கு இலவசப் பெட்டியின் மதிப்பு சுழியம்.

இந்தத் தாளை வருடத்துக்கு ஒருமுறை புதிதாக எழுத வேண்டும், ஏனென்றால் நிறுவனம் எதற்குக் காசு கேட்கிறதோ அதற்கேற்ப ஸ்டேட்டஸின் மதிப்பும் மாறும். சவுத்வெஸ்ட்டில் எல்லோருக்கும் இரண்டு பெட்டி இலவசமாக இருந்த காலத்தில் பெட்டிக்காக யாரும் ஸ்டேட்டஸைத் தேட வேண்டியிருக்கவில்லை. 2025 மே 28-லிருந்து வாங்கும் டிக்கெட்டுகளுக்குப் பெட்டிக் கட்டணம் வந்தது. ஏ-லிஸ்ட் என்ற ஸ்டேட்டஸ் உள்ளவருக்கு ஒரு பெட்டியும் அதற்கு மேல் நிலையான ஏ-லிஸ்ட் பிரிஃபர்டு உள்ளவருக்கு இரண்டும் இலவசம் என்று ஆனதும், அதே கார்டுக்குத் திடீரென்று கனம் கூடிவிட்டது.

டிக்கெட் போடுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். வேறு ஏர்லைனில் உங்களுக்கு ஏற்கெனவே ஸ்டேட்டஸ் இருந்தால், அதற்கு இணையான நிலையை இங்கேயும் தரச் சொல்லி ‘ஸ்டேட்டஸ் மேட்ச்’ கேட்கலாம். ஃப்ரான்டியர் மாதிரி நிறுவனங்கள் அவ்வப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்கின்றன. அந்தக் கட்டணம் நீங்கள் போட நினைக்கும் வெட்டிப் பயண டிக்கெட்டைவிடக் குறைவாக இருந்தால் விமானத்தில் ஏறி இறங்கும் அலைச்சலும் மிச்சம். தாளில் வந்த கூட்டுத்தொகை இரண்டையும்விடக் குறைவு என்றால் பேசாமல் விட்டுவிடுங்கள்.